வேலிடேஷனை நிறுத்தாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தேர்வில் தேறிய செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு என் ஆசிகளைச் சொல். இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது தானே படிக்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் ரிசால்வரை முடக்கும் கீட்ராப் ஓட்டை பற்றிக் கேள்விப்பட்டு, உங்கள் ரிசால்வரில் டிஎன்எஸ்செக் வேலிடேஷனையே, அதாவது வரும் பதில் உண்மையானதா என்று சரிபார்ப்பதையே, நிறுத்திவிடலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம். ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட்டால் போதும்.

டிஎன்எஸ்செக் போட்ட டொமைனிலிருந்து வரும் பதிலோடு கையொப்பமும் வரும். அதைச் சரிபார்க்க அந்த டொமைனின் சாவி வேண்டும். பழைய சாவியை மாற்றும் காலத்தில் இரண்டு மூன்று சாவிகள் சேர்ந்தே இருக்கும். எதை எடுப்பது என்று காட்டத்தான் கீ டேக். அது 16 பிட் எண், வெறும் கூட்டல் கணக்கில் வருவது. மொத்தமே 65,536 மதிப்புகள் என்பதால் இரண்டு சாவிகளுக்குத் தற்செயலாக ஒரே எண் அமையலாம். அப்படி அமைந்து ஒரு நல்ல டொமைன் முடங்கிவிடக் கூடாதே என்ற அக்கறையில், எண் பொருந்தும் சாவிகள் எல்லாவற்றையும் முயன்று பார், ஒரு கையொப்பமாவது தேறும்வரை விடாதே என்று டிஎன்எஸ்செக்கின் விதி சொன்னது. எத்தனை முறை வரை என்று மட்டும் சொல்லவில்லை.

கெட்டவனுக்கு அந்த இடைவெளி போதும். தன் சொந்த டொமைனில் ஒரே எண் வரும்படி நூறு சாவிகளை உருவாக்கி, எதற்கும் பொருந்தாத நூறு கையொப்பங்களையும் வைக்கிறான். உன் ரிசால்வரிடம் அந்தப் பெயரை யாராவது ஒரு முறை கேட்டால் சரி, பத்தாயிரம் சரிபார்ப்புகள். நூறு பூட்டையும் நூறு சாவியையும் கொடுத்து உட்கார வைத்த மாதிரி. அத்தனையும் நீள்வட்ட வளைவுக் கணக்குகள், சிபியூவை விழுங்குபவை. அதுவரை மற்றவர்களின் கேள்விகள் வரிசையில் காத்துக் கிடக்கும்.

ஜெர்மனியின் அதீனே ஆய்வு மையத்தினர் இதைக் கண்டுபிடித்து, 2024 பிப்ரவரியில், பேட்ச்கள் தயாரான பிறகு வெளியிட்டார்கள். ஒரே ஒரு பேக்கெட்டில் சிபியூ வேலை 20 லட்சம் மடங்கு கூடியதாம். மென்பொருளைப் பொறுத்து முடக்கம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவோ 16 மணி நேரம் வரையோ நீடித்தது. பைண்ட் 9 என்ற ரிசால்வர் மென்பொருள்தான் அந்த 16 மணி நேரக்காரன். என்னை உலுக்கியது இதன் வயது. விதியின் வேர் 1999இல் வந்த ஆர்எஃப்சி 2535 என்ற இணையத் தர ஆவணத்தில் இருக்கிறது. பைண்ட் 9இல் 2000 முதலும் அன்பவுண்ட் என்ற இன்னொரு ரிசால்வர் மென்பொருளில் 2007 முதலும் இந்த நடத்தை இருந்திருக்கிறது. எழுதியவர்கள் யாரும் அசட்டையானவர்கள் இல்லை, விதி சொன்னதை அப்படியே செய்தார்கள். அனுப்புவதில் கண்டிப்பாக இரு, பெறுவதில் தாராளமாக இரு என்று இணைய முன்னோடி ஜான் போஸ்டல் 1980இல் எழுதிய கொள்கையின் பிள்ளைதான் அந்த விதியும். யார் வேண்டுமானாலும் டொமைன் வாங்கலாம் என்ற உலகத்தில், எல்லை குறிக்காத தாராளம் ஆபத்து என்றே நினைக்கிறேன். பேட்ச்களும் இதைத்தான் செய்கின்றன: இத்தனை முறை தோற்றால் நிறுத்து என்று வரம்பு வைக்கின்றன. விதியின் எழுத்தை அவை மீறுகின்றன, ஆனாலும் எனக்கு அதில் முழுச் சம்மதம். அந்த வரம்பு விதியிலேயே ஏறினால்தான் நாளை புதிதாக ரிசால்வர் எழுதுபவனுக்கும் தெரியும்.

வேலிடேஷனை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பார். 2008இல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி காட்டியது உனக்கு மறந்திருக்காது: ரிசால்வர் பதில்களைச் சேமித்து வைக்கும் கேஷில் பொய் முகவரியைத் திணிப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது! கீட்ராப் சேவையை நிறுத்தும், அது உடனே கண்ணில் படும். பொய் முகவரி யார் கண்ணிலும் படாமல் ஆட்களை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

அன்பவுண்ட் என்றால் 1.19.1, பைண்ட் என்றால் 9.18.24, அல்லது அவற்றுக்குப் பிந்தைய பதிப்பு இருக்கிறதா என்று பார். கீட்ராப்போடு அதே நாளில் வெளியான, ஒரு பெயர் இல்லை என்று நிரூபிக்கும் என்எஸ்இசி3 பதிவுகளைச் சார்ந்த ஓட்டையும் இவற்றிலேயே அடைபடுகிறது. அப்புறம், கிளை அலுவலகங்களில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் மென்பொருள் ஓடும் சின்னப் பெட்டிகள் இருக்குமே, அவற்றை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதில் வேலிடேஷன் போட்டிருந்தால் 2.90க்கு ஏற்று. எந்தப் பெட்டியில் எந்தப் பதிப்பு என்று எழுதி அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ரவி