ஆறு மாதம் எங்களைத் தாங்கிய ஊருக்கு

அன்புள்ள எங்கள் ஊர்ச் சனங்களுக்கு,

வணக்கம். சென்னைக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. "போய்ச் சேந்ததும் போன் போடு தாயி" என்று பஸ் ஏற்றிவிட வந்த எல்லாரும் சொன்னீர்கள். போட்டேன். நல்லபடியா வந்துட்டோம் என்பதற்கு மேல் வாயில் வார்த்தை வரவில்லை. அம்மாவுக்கு அது புரிந்திருக்கும். மற்றவர்கள் என்ன நினைத்தீர்களோ தெரியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்கு வீடு தனித்தனியாக எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. இன்னார் இன்னது செய்தார் என்று பக்கத்து வீட்டுக்கே தெரியாமல் செய்தவர்கள் நீங்கள். தெரியட்டும்.

கொரோனாவால் 2020 மார்ச் 17-ம் தேதியிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை என்றதும் மறுநாள் ராத்திரியே பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பங்குனியில் அம்மன் கோயில் திருவிழா, கொடை. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று இரண்டு பையில் துணி. வீட்டுக்காரருக்கு வேலை இருந்ததால் அவர் சென்னையிலேயே இருந்தார். 22-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 24-ம் தேதி சாயங்காலம் 6 மணிக்கு 144, அன்று ராத்திரியே 21 நாள் முழு ஊரடங்கு என்று டிவியில் சொன்னார்கள். கொடையும் நின்றது. வில்லுப்பாட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸைக்கூடத் திருப்பி வாங்க வேண்டாம், அவர்கள் பிழைப்பும் போச்சே என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தீர்களாம். அப்பா வந்து சொன்னபோதுதான், நல்ல இடத்தில்தான் மாட்டியிருக்கிறோம் என்று மனது கொஞ்சம் அடங்கியது.

எங்கள் ரேஷன் கார்டு சென்னையில். ஏப்ரலில் கார்டுக்கு 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, சீனி, எண்ணெயும் கொடுத்தபோது அப்பா கார்டுக்கு வந்தது ரெண்டு பேருக்கானது. சாப்பிடுகிறவர்கள் ஐந்து பேர். யாரிடமும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் நாலாம் நாள் விடியக்காலம் நடைவாசலில் ஒரு கடவப் பெட்டி நிறைய அரிசி இருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. மூன்று வீட்டில் கேட்டேன், மூன்று பேரும் சிரித்தீர்கள். அந்தப் பெட்டியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அம்மா வீட்டுப் பரணில் இருக்கிறது, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

பால் வண்டி ஓட்டும் தம்பிக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அப்பாவுக்கு தினமும் இரண்டு வேளை இன்சுலின். ஏப்ரல் முதல் வாரம் கையிருப்பு தீரப்போகிறது. வழக்கமாக வாங்கும் கடையில் ஸ்டாக் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை. மினி பஸ் கிடையாது, திருச்செந்தூர் போகவும் வழியில்லை. தம்பி, நீங்கள்தான் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். மறுநாள் மத்தியானம் திருநெல்வேலியிலிருந்து வந்தது மருந்து. வண்டியில் டீ குடிக்க வைத்திருக்கும் பிளாஸ்க்கைக் கழுவி, உள்ளே ஐஸ் போட்டு, மருந்து நனையாமல் பாலிதீன் கவரில் முடிந்து, "சூடு பட்டா கெட்டுப்போவும்னு சொன்னாவ அக்கா" என்று நீட்டினீர்கள். அன்றைக்கு உங்களுக்கு டீ கிடையாது. அதிலிருந்து நாங்கள் கிளம்பும்வரை மாதம் ஒரு தடவை அந்தப் பிளாஸ்க் எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது.

அடுத்து, பனையேறும் சித்தப்பா.

சித்தப்பா, ஊரே முடங்கிக் கிடந்தபோது விடிவதற்கு முன்னால் கேட்ட ஒரே சத்தம் உங்கள் செருப்புச் சத்தம்தான். பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் காய்ந்துபோகும், அப்புறம் அந்தப் பாளையில் சொட்டு இறங்காது என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பனங்காட்டுக்குப் பக்கத்தில்தான் பிறந்து வளர்ந்தேன். ஆனால் பத்தாவது முடித்ததும் வெளியூர் போனவளுக்குப் பதநீர் என்றால் குடிக்கிற பொருள், அவ்வளவுதான். முருக்குத்தடியைத் தோளில் போட்டு, இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டி, காலையிலும் சாயங்காலமும் முப்பது மரம் ஏறி இறங்குகிற உடம்பை அருகிருந்து பார்த்ததில்லை. நெஞ்சில் மரம் உரசி உரசித் தோல் காய்ப்புக் காய்த்திருக்கிறது. என் மகன் அதைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குமா தாத்தா?" என்றான். "இப்ப இல்லலே" என்றீர்கள்.

அவனுக்கு முதல் நாள் பட்டை பிடிக்கத் தெரியவில்லை. ஓலையை மடித்துக் கட்டிய பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு பக்க நுனியை வாயில் வைக்க வேண்டும். அவன் நடுவில் வாயை வைத்து, பாதிப் பதநீர் சட்டையில் போனது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஊற்றினீர்கள், மேலே இரண்டு நுங்கையும் நோண்டிப் போட்டு. பணம் எடுத்தபோது கோபம் வந்தது உங்களுக்கு. "பிள்ளையளுக்கு ஊத்துனதுக்கு ஆராச்சும் துட்டு வாங்குவாவளா தாயி?" அதன்பிறகு ஆடி பிறக்கும்வரை தினமும் காலையில் எங்கள் திண்ணையில் ஒரு செம்பு.

அந்தச் செம்பு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். அதுவும் கருப்பட்டி வாங்க வரும் வண்டி ஏப்ரல் முழுக்க ஊருக்குள் வரவேயில்லை. சித்தி வீட்டுப் பரணில் பெட்டி மேல் பெட்டியாக ஏறிக்கொண்டிருந்தது. விற்குமா, விலை என்ன ஆகும் என்று ஒன்றும் தெரியாத நாளில்தான் எங்களுக்குச் செம்பு செம்பாக ஊற்றினீர்கள்.

சித்தி, பதநீர் காய்ச்சும் விடிலிக் குடிசையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்த பொழுதை என் மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் மட்டையும் சில்லாட்டையும் எரிய, பதநீர் பொங்கிக்கொண்டு வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டதும் நுரை அப்படியே அமுங்கும். அவளுக்கு அது மந்திரம் மாதிரி. பதம் பார்க்கத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலில் உருட்டிக் காட்டினீர்கள். மணலில் வரிசையாகப் பதித்த சிரட்டைகளை நனைத்து வைக்கிற வேலையை அவளுக்கென்றே கொடுத்தீர்கள். கண் உள்ள சிரட்டை ஒழுகும், கண் இல்லாத பாதிதான் வேண்டும் என்று பிரித்து எடுக்கப் பழகிவிட்டாள். கடைசியாக அடிச்சட்டியில் ஒட்டியதை ஓலைத் துண்டால் வழித்து அவள் வாயில் வைப்பீர்களே, அதைத்தான் இங்கே வந்தும் கேட்கிறாள். எங்கே போக?

வடக்குத் தெரு ஆச்சி, உங்களுக்கு எண்பது வயது இருக்குமா? இந்த வயதில் இரண்டு பிள்ளைகளுக்கு ஓலை முடையக் கற்றுக்கொடுத்தீர்கள். எங்கள் பிள்ளைகள் மட்டுமா, பிறகு தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள், ஆளுக்கு ஒரு கை தூரம் தள்ளி, வேப்ப மரத்தடியில். குருத்தோலையில் ஈர்க்கு நீக்குவது, ஒரே அகலத்தில் கிழிப்பது, அடி போடுவது. அடி கோணினால் பெட்டி நிற்காது என்று என் மகள் முடைந்த சின்ன ஓலைப்பெட்டியை, அந்தக் கொட்டானை, ஐந்து தடவை பிரித்தீர்கள். அவள் அழுதாள். ஆறாவது தடவை நின்றது. மகனுக்குப் பொறுமை இல்லை என்று கண்டுபிடித்து அவனுக்குக் காத்தாடியும் கிலுகிலுப்பையும் காட்டிக்கொடுத்தீர்கள். உடைமுள்ளை ஓலையில் குத்தி, தேரிச் செம்மணல் மேட்டுக்கு ஓடி, காற்றில் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த மேட்டில்தான் அவனுக்கு ஆன்லைன் வகுப்புக்குச் சிக்னலும் கிடைக்கும். ஒரு கையில் போன், மறுகையில் காத்தாடி.

மத்தியானம் திண்ணையில் தாயம், பல்லாங்குழி. சாயங்காலம் தோட்டத்துக் கிணறு. ஐந்து லிட்டர் கேனை முதுகில் கட்டி மாமா தள்ளிவிட்டதும் மகன் அலறிய அலறல் எனக்குப் போதும். பத்து நாளில் கேன் இல்லாமல் குதித்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு லீவில் பொழுதுபோனது என்று சென்னையில் என் தோழிகளிடம் சொன்னபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பிள்ளைகள் விளையாட்டாக முடைந்த கொட்டான், ஆச்சிக்கு வெற்றிலைக் காசு. மகள் வேடிக்கை பார்த்த அடுப்பு, சித்தியின் ஆறு மாத உழைப்பு. கைவேலை கெடும் என்று ஒரு நாளும் நீங்கள் எங்களை விரட்டவில்லை. வேலைக்கு நடுவில் இடம் ஒதுக்கி உட்காரவைத்தீர்கள். சோறு போட்டதைவிட இது பெரிது என்று எனக்குப் படுகிறது.

ஜூன் இரண்டாவது வாரம் இ-பாஸ் கிடைத்து வீட்டுக்காரர் வந்தார். சென்னையில் தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து ஆள் வந்தால் ஊருக்கே பயம். சிலர் எங்கள் தெரு வழியாக வருவதை நிறுத்தினீர்கள். அதற்காக வருந்தாதீர்கள், சின்னப் பிள்ளையும் வயசாளியும் உள்ள வீடுகள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். வாசலில் தனிமைப்படுத்திய வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவர் புழக்கடையில் ஓலை வேய்ந்த சாய்ப்பில் பதினாலு நாள். மூன்று மாதம் கழித்து வந்த தங்கள் அப்பாவைப் பிள்ளைகள் முற்றத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும், தொடக் கூடாது. மகன் முதல் நாள் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு மைனி, நீங்கள்தான் காம்பவுண்டுச் சுவரில் தினமும் சுக்குக் காப்பியும் அவித்த முட்டையும் வைத்துவிட்டு, "அண்ணன எடுத்துக்கிடச் சொல்லு" என்று குரல் கொடுப்பீர்கள். ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுச் சுவரைத் தொட்டீர்கள்.

அந்தப் பதினாலு நாளுக்குள் வந்ததுதான் ஜூன் 21, சூரிய கிரகணம். ஆச்சி தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். திடீரென்று சாய்ப்புக்குள்ளிருந்து அவர் கத்தினார். என்னமோ ஏதோ என்று ஓடினோம். கூரை ஓலையின் ஓட்டை வழியாக உள்ளே தரையில் விழுந்திருந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் ஓரம் கடித்த அப்பளம் மாதிரி இருந்தன. ஒன்றல்ல, முப்பது நாற்பது. எல்லாவற்றிலும் ஒரே பக்கம் கடி. பிள்ளைகள் உள்ளே போகக் கூடாதே. மைனி ஓடிப்போய்ப் பூந்திக் கரண்டியைக் கொண்டுவந்து சுவருக்கு மேலே நீட்டினீர்கள். அதை வெயிலில் பிடித்ததும் முற்றத்து மணலில் குட்டிக் குட்டிச் சூரியன்கள். அவர் அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார், மகன் இந்தப் பக்கம் குனிந்து பார்த்தான். நடுவில் முற்றம். அன்றைக்குத்தான் மகன் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

இன்னும் எத்தனையோ பேர். தினமும் பிளீச்சிங் பவுடர் போட்ட தூய்மைக் காவலர் அக்காமார், முகக்கவசம் நனைய நனைய வியர்வையோடு வீடு வீடாக வந்த கிராம செவிலியர், கபசுரக் குடிநீர் காய்ச்சிக் குடத்தில் கொண்டுவந்த இளவட்டங்கள், கல்வித் தொலைக்காட்சிப் பாடத்தைப் பார்க்கத் தன் வீட்டு டிவியைத் திண்ணைக்கு நகர்த்தி வைத்த டீச்சர். பெயர் போட்டு எழுதினால் நீங்கள் சங்கடப்படுவீர்கள். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

செப்டம்பர் 7-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓடத் தொடங்கியதும் கிளம்பினோம். சித்தப்பா கட்டிக்கொடுத்த 20 கிலோ கருப்பட்டியில் எங்களுக்கு இரண்டு கிலோ எடுத்துக்கொண்டு மீதியைக் குடியிருப்பில் விற்றுக்கொடுத்தேன். இரண்டு நாளில் தீர்ந்தது, இன்னும் கேட்கிறார்கள். பணம் வந்து சேர்ந்திருக்கும். அடுத்த முறை லாரி பார்சலில் 50 கிலோ போடச் சொல்லுங்கள் சித்தி, ஓலைப்பெட்டியிலேயே வரட்டும்.

இங்கே தேங்காய் உடைத்தால் மகள் சிரட்டையைக் குப்பையில் போட விடுவதில்லை. கண் இல்லாத பாதியைச் சுரண்டிக் கழுவிப் பால்கனியில் காயவைக்கிறாள். இதுவரை ஒன்பது சேர்ந்திருக்கிறது. பங்குனிக் கொடைக்கு வரும்போது ஒரு சாக்கு கொண்டுவருவாளாம். சித்தப்பாவிடம் சொல்லிவைக்கச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பிள்ளை