அர்மாவிலிருந்து அக்கா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன், அம்மாகிட்ட சொல்லிவிடு. இங்கே நவம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வட அயர்லாந்தில் இந்த அர்மா சின்ன ஊர்தான், இரண்டு மேடுகளில் புனித பேட்ரிக் பெயரிலேயே இரண்டு கதீட்ரல்கள், சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்கள், அப்புறம் 1790இல் தொடங்கிய வானாய்வகம். லீவு நாளில் அங்கேதான் போய்விடுவேன். வெளியே தரையில் எஃகுத் தகடுகளைப் பதித்துக் கோள்களின் பாதைகளைக் காட்டியிருக்கிறார்கள். என்கே வால்மீனின் நீண்ட பாதை பூமியின் வட்டத்தை வெட்டுகிற இடத்தில் நின்றால், நவம்பரில் வரும் எரிநட்சத்திரங்கள் சில வருஷம் மழையாகக் கொட்டுவதும் சில வருஷம் ஏமாற்றுவதும் ஏன் என்று நீ கேட்டாயே, அதற்குப் பாதி பதில் காலடியிலேயே இருக்கிறது.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். டெம்பல்-டட்டில் வால்மீன் சுமார் 33 வருஷத்துக்கு ஒருமுறை சூரியனை நெருங்கும்போது, பனி ஆவியாகித் தூசியையும் தள்ளிக்கொண்டு வெளியேறும். சற்று வேகமாகக் கிளம்பிய துகள் பெரிய சுற்றாகச் சுற்றித் தாமதமாகத் திரும்பும், மற்றவை முன்னால் வந்துவிடும், அதனால் அந்தத் தூசி பாதை நெடுக நூல் மாதிரி நீண்டுவிடுகிறது, ஆனால் அகலம் அதிகமில்லை. ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனி இழை. வியாழனும் சனியும் அவற்றை இழுத்து நகர்த்திக்கொண்டே இருக்கும். இழைக்குள்ளேயே பூமி புகுந்தால் துகள்கள் நம் காற்றில் எரிந்து எரிநட்சத்திரப் புயல், விலகிப்போனால் பெரிதாக ஒன்றும் இருக்காது. 1833இல் அமெரிக்காவில் கொட்டியது, 1899இல் உலகமே காத்திருந்தும் ஏமாற்றம்தான்.

இந்த இழைகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டவர்களில் அர்மாவின் டேவிட் ஆஷரும் ஆஸ்திரேலியாவில் இருந்த ராபர்ட் மெக்நாட்டும் முக்கியமானவர்கள். 1899இல் வெளியான தூசிக்குள் 1999 நவம்பர் 18 அன்று, கிரீன்விச் நேரம் அதிகாலை 2:08க்குப் பூமி புகும் என்றார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய தூசி! சில நிமிஷ வித்தியாசத்தில் அப்படியே நடந்தது, ஐரோப்பாவிலும் மத்தியக் கிழக்கிலும் பார்த்தார்கள். நம்ம ஊரில் அப்போது காலை 7:38, விடிந்துவிட்டதால் யாருக்கும் தெரிந்திருக்காது. இவ்வளவு பெரிய கணக்கு இந்தச் சின்ன ஊரில் நடந்திருக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வால்மீன் மறுபடி 2031இல் வருகிறது. அதுவரை வருஷா வருஷம் நவம்பர் 17ஐ ஒட்டி, நடுராத்திரிக்கு மேல் மொட்டைமாடியில் கிழக்கே பார்த்துப் படு. சாதாரண வருஷத்தில் மணிக்குப் பத்துப் பதினைந்துதான் வரும், ஆனால் நொடிக்கு 71 கிலோமீட்டர் வேகம். அப்பாவையும் எழுப்பு, ஸ்வெட்டர் போடச் சொல்.

அன்புடன்,
அக்கா