மீன் கூடாது, மீன் மாத்திரை மட்டும் கூடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மகளிர் இணைப்பில், "பாதரசம் இருப்பதால் கர்ப்பிணிகள் மீனை அறவே தவிர்ப்பது நல்லது, ஒமேகா-3க்கு ஆளி விதையே போதும்" என்று ஒரு வரி வந்திருந்தது. என் மகளின் மாமியார் அதற்குச் சிவப்பு மையில் கோடு போட்டு, படம் எடுத்து, எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். மகளுக்கு ஏழாம் மாதம். நாகர்கோவிலில் பிறந்து சாளை மீன் புளிமுளக் குழம்பும் மரச்சீனிக்கிழங்குமாக வளர்ந்த பெண், இப்போது கோயம்புத்தூரில் காலையும் மாலையும் ஆளி விதைப் பொடியை மோரில் கலக்கிக் குடிக்கிறாள். கேட்டால், "பத்திரிகையிலேயே போட்டிருக்கும்மா" என்கிறாள்.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். ஆளி விதையில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு வேறு, மீனில் இருந்து குழந்தையின் மூளைக்கும் விழித்திரைக்கும் சேர்கிற டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 வேறு. முதலாவதில் கொஞ்சமே கொஞ்சம்தான் நம் உடம்பில் இரண்டாவதாக மாறும். அதுவும் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தை டிஹெச்ஏவை மும்முரமாக இழுக்கிறது. கர்ப்பிணிக்குத் தினம் 200 மில்லிகிராமாவது வேண்டும் என்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 70 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, ஒமேகா-3 கூடுதலாக எடுத்தவர்களிடம் 34 வாரத்துக்கு முன்பே பிள்ளை பிறப்பது 4.6 சதவீதத்திலிருந்து 2.7 ஆகக் குறைந்தது என்கிறது. உங்கள் கட்டுரையாளருக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை போலும்.

பாதரசம் பொய் என்று நான் சொல்லவில்லை. சின்ன மீனைத் தின்று தின்று பெருக்கும் பெரிய மீனில்தான் அது சேரும். சுறாவைத் தள்ளி வையுங்கள் என்று எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன், ஏனென்றால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று ஊரெல்லாம் சுறாப்புட்டுதான் கிண்டுகிறார்கள். சாளையும் நெத்திலியும் என்ன பாவம் செய்தன? மூன்று பிள்ளைகளையும் நான் சாளை தின்றுதான் பெற்றேன், ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை.

மீன் வேண்டாம் என்ற கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே மீன் எண்ணெய் மாத்திரை விளம்பரம்! அதையும் நாங்கள் பார்த்தோம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நுண்பாசியிலிருந்து எடுக்கும் டிஹெச்ஏ இருக்கிறது, அதைப் பற்றியாவது ஒரு வார்த்தை உண்டா? இதே இணைப்பில்தான் முன்பு குங்குமப்பூ பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று எழுதினீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன். 'இணைப்பு அருமை' என்ற முதல் வரியை மட்டும் வெட்டியெடுத்துப் பிரசுரித்தீர்கள், மெத்த நன்றி. இந்தத் தடவை அப்படி ஒரு வரி இல்லை, தேட வேண்டாம்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், 'கர்ப்பிணிகள் சாளை, நெத்திலி, அயிலை வாரம் இரண்டு நாள் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்' என்று போடுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி என்றும் சேர்த்துப் போடுங்கள், கோயம்புத்தூரில் அப்படிச் சொன்னால்தான் புரியும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், சம்பந்தியம்மாவுக்குப் பொடி எழுத்து தெரியாது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
நாகர்கோவில்