திருவருகைக் காலம்: குடில் வேலை

அன்பிய (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) உறவுகளுக்கு வணக்கம்.

நவம்பர் 29 ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு நம்மைத் தயாரிக்கும் திருவருகைக் காலம் தொடங்குகிறது. மெழுகுவர்த்தி வைக்கும் திருவருகை வளையத்துக்குப் பிளாஸ்டிக் இலை வேண்டாம். மாவிலையும் வேப்பங்கொத்தும் போதும், வாடினால் மாற்றிக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸ் குடிலில் இந்த முறை தெர்மாகோல், ஜிகினாத்தூள், ஃபிளெக்ஸ் மூன்றும் கிடையாது. தெர்மாகோல் மட்குவதில்லை, உதிர்ந்து மழைத் தண்ணீரோடு வாய்க்காலுக்குப் போய்விடும். வைக்கோல், களிமண், பனை ஓலை, பழைய சாக்கு இருந்தால் அழகாகவே செய்யலாம். 1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தன. சீரியல் விளக்கு எதுவும் இல்லை!

குடிலில் பச்சைப் புல்லுக்கு, டிசம்பர் 12 வாக்கில் மண்தட்டில் கேழ்வரகு தூவுங்கள். தினமும் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கிறிஸ்துமஸுக்குள் முளைத்து நிற்கும். பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். காத்திருப்பது என்றால் என்னவென்று மறையுரையைவிட இதில் சீக்கிரம் பிடிபடும்.

படைப்பு முழுவதும் பேறுகால வேதனையில் தவிப்பதாகப் பவுல் உரோமையருக்கு எழுதுகிறாரே (8:22), அந்த அதிகாரத்தையே முதல் வாரக் கூட்டத்தில் வாசிப்போம். வீட்டில் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், ஓலையும் மூங்கில் பட்டையும் தரக்கூடியவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள். நட்சத்திரமும் அதில்தான் கட்டப் போகிறோம்.