வில்லங்கம் பார்க்காமல் பெயர் சொல்லும் ஏஐ

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏஐயிடம் சொன்னால் போதும், கடைக்காரர்களுக்கு அதுவே இணையதளம் போட்டுக் கொடுத்துவிடும் என்று உங்கள் பேப்பரில் அடிக்கடி எழுதுகிறீர்கள். சரி, போட்டுக் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முந்தின வேலை ஒன்று இருக்கிறது, தளத்துக்குப் பெயர் பிடிப்பது. அதில் நடக்கும் கூத்தை யாரும் எழுதக் காணோம்.

என் அத்தாச்சி வில்லாபுரத்தில் வீட்டிலேயே சுங்குடிச் சேலை விற்கிறார். தளத்துக்கு ஒரு பெயர் சொல்லு என்று ஏஐயிடம் கேட்டிருக்கிறார். அது 20 பெயர் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக் போட்டு ‘கிடைக்கும்’ என்று சொல்லியிருக்கிறது. அதில் ஒன்று பிடித்துப்போய், அந்தப் பெயரிலேயே 500 கட்டைப்பை அடித்துவிட்டு, அப்புறம்தான் என்னிடம் வந்தார். பார்த்தால் அந்தப் பெயரை வேறு யாரோ பல வருஷத்துக்கு முன்பே பதிந்து வைத்திருக்கிறார்கள். ஏஐயிடம் சொன்னோம். பணிவாக மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொரு 20 பெயர் கொடுத்தது, அதே பச்சை டிக்கோடு!

அது எங்கேயும் தேடிப் பார்க்கவே இல்லை என்பதுதான் விஷயம். படித்த வார்த்தைகளைக் கோத்துப் பெயர் செய்வது வேறு, இந்த நிமிஷம் அந்தப் பெயர் காலியா என்று பார்ப்பது வேறு. பத்திரம் போடும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோமே, அது மாதிரிதான் இதுவும். சொத்தில் வில்லங்கம் இல்லை என்று தரகர் வாயால் சொன்னால் யாராவது அட்வான்ஸ் கொடுப்போமா? டாட் காம் பெயர்களின் பதிவேடு வெரிசைன் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது, டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸி என்ற நம் நாட்டு அமைப்பு. அங்கே கேட்டால்தான் உண்மை தெரியும்.

இப்படிக் கேட்டுச் சொல்வதற்கென்றே, நமக்காகத் தானே வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்ட்டுகளுக்குப் பெயர் தேடும் கருவிகள் வந்திருக்கின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் கொண்டுவந்த எம்சிபி என்ற இணைப்பு முறைக்குப் பிறகு இவற்றை ஏஜென்ட்டோடு கோத்துவிடுவது சுலபம். நானும் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். நல்ல பொருள்தான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதிலும் ஒரு ஓட்டை. ஒரே மூச்சில் நூறு பெயரைக் கேட்டால் பதிவேட்டுச் சர்வர் ‘போதும், அப்புறம் வா’ என்று கதவைச் சாத்திவிடும். அப்போது கருவிக்குக் கையில் பதிலே இருக்காது. பதில் வராததை, பெயர் காலி என்று ஏஜென்ட் எடுத்துக்கொள்கிறது. மறுபடியும் பச்சை டிக்.

ஒரு பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பதிவேட்டில் கேட்பதற்கும் முறை உண்டு. டாட் காம் போல எல்லோருக்கும் பொதுவான பெயர் முடிவுகளுக்கு (பெயரின் கடைசித் துண்டுகளுக்கு), பழைய ஹூ இஸ் முறை 2025 ஜனவரி 28-ஓடு கட்டாயம் இல்லை என்றாகி, ஆர்டிஏபி என்ற புது முறை அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. டாட் இன் போல நாடுகளுக்கான முடிவுகளுக்கு அந்த விதி கிடையாது, அவரவர் இஷ்டம். அதனால் சில முடிவுகளுக்குப் பதில் கிடைக்காமல் போவது சகஜம். பதிவு இல்லை என்றே வந்தாலும், ஒதுக்கி வைத்த பெயராக இருக்கலாம், பல மடங்கு விலை வைத்த பெயராகவும் இருக்கலாம். ஆகவே இந்தக் கருவிகளைச் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன், ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்ற இரண்டோடு ‘தெரியவில்லை’ என்று மூன்றாவதாக ஒரு பதிலும் வேண்டும். எத்தனை மணிக்குப் பார்த்தது என்பதையும் கூடவே போடுங்கள், காலையில் காலியாக இருந்த பெயர் சாயந்திரம் போய்விடும்.

விலையும் அப்படித்தான். முதல் வருஷக் கழிவு விலையை மட்டும் காட்டுகிறார்கள். பெயரை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை, வாடகைக்குத்தான் எடுக்கிறோம், டாட் காம் என்றால் ஒரு தடவையில் அதிகபட்சம் 10 வருஷம். அடுத்த வருஷ வாடகை எவ்வளவு என்று சொல்லாத கருவியால் யாருக்கு என்ன லாபம்? இதில் ஏஐ ஆசையாகச் சொல்லும் முடிவு டாட் ஏஐ. அது கரீபியன் கடலில் இருக்கும் அங்குவில்லா என்ற குட்டித் தீவுக்கு உரியது, குறைந்தது 2 வருஷத்துக்குப் பணம் கட்டவேண்டும். சேலைக் கடைக்கு அது எதற்கு?

அப்புறம் நம் எழுத்துப் பிரச்சினை. சுங்குடிக்கு முதலெழுத்து இங்கிலீஷில் ‘எஸ்’ஸா, ‘சி எச்’சா? கீழமாசி வீதியில் வரும் ‘ழ’வுக்கு ‘இசட் எச்’ போடுவதா, வெறும் ‘எல்’ போதுமா? வாடிக்கையாளர் எப்படி அடிப்பார் என்று யோசித்து நாலு எழுத்துக்கூட்டலையும் சேர்த்துத் தேடவேண்டும், நான் பார்த்த கருவி தேடவில்லை. தமிழிலேயே பெயர் வைத்துக்கொள்ள ‘டாட் இந்தியா’ என்று தமிழ் எழுத்திலேயே ஒரு முடிவு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உள்ளே அது ‘எக்ஸ் என்’ என்று தொடங்கும் இங்கிலீஷ் எழுத்துச் சரமாக மாறிக்கொள்ளும், அவ்வளவுதான். தமிழில் அடித்தால் ‘தவறான எழுத்து’ என்று அந்தக் கருவி திருப்பியனுப்பியதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல்.

வாங்கும் அதிகாரத்தையும் ஏஜென்ட்டுக்கே கொடுத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். தேடட்டும், பட்டியல் போடட்டும், கார்டு நம் சட்டைப்பையில் இருக்கட்டும். உங்கள் வணிகப் பக்கத்தில் அடுத்த முறை ஏஐ பற்றி எழுதும்போது இதையும் நாலு வரி சேருங்கள்.

அத்தாச்சிக்கு ஒருவழியாக டாட் இன்னில் வேறு பெயர் வாங்கியாயிற்று. அந்த 500 பையிலும் பழைய பெயரை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை இன்னும் நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஒரு வாசகன்,
மதுரை