கோழி நிறுவனங்களை நடத்துகிறவர்களே, வேகத்தைக் குறையுங்கள்

கறிக்கோழி நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும் இயக்குநர்களுக்கும்,

வணக்கம். நானும் நீங்கள் விற்கும் கறியை வாங்கிச் சாப்பிடுகிற ஆள்தான், எல்லாரும் சைவத்துக்கு மாற வேண்டும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கு உங்களிடம் பேச வேண்டியது வேகத்தைப் பற்றி. குஞ்சு எத்தனை நாளில் எடைக்கு வர வேண்டும், ஆலையில் நிமிடத்துக்கு எத்தனை கோழி ஓட வேண்டும், இந்த இரண்டையும் முடிவு செய்வது பண்ணைக்காரரோ கத்தி பிடித்து நிற்கிற தொழிலாளியோ கிடையாது, நீங்கள்தான். அதனால்தான் கடிதமும் உங்களுக்கு வருகிறது.

கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு எப்போதும் உலவுகிறது. ஊசிக்கு அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டு இனத்தையும் 2005-ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள்: 56-ஆம் நாளில் பழைய இனம் சுமார் 900 கிராம், புதியது 4 கிலோவுக்கும் மேல். எடையில் அதிகமானதையே திரும்பத் திரும்பப் பொறுக்கி எடுத்து இனம் சேர்த்ததில் வந்த வித்தியாசம் இது. ஆக, கோழியின் கஷ்டம் அது முட்டையை விட்டு வெளியே வரும்போதே கூட வந்துவிடுகிறது, கொட்டகையில் இரண்டு மின்விசிறியைக் கூட்டி மாட்டினால் தீர்ந்துவிடாது.

ஐந்தாவது ஆறாவது வாரத்தில் அந்தக் கொட்டகை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உடம்பு பெரிய கோழி, எலும்பும் இதயமும் இன்னும் குஞ்சு. கால் தாங்காமல் பெரும்பாலான நேரம் உட்கார்ந்தே கிடக்கின்றன, அடியில் எச்சம் ஊறிய ஈரப் படுக்கை, அதிலிருந்து கிளம்பும் அம்மோனியா பட்டு உட்கார்ந்த இடம் புண்ணாகிவிடுகிறது. கறி வாங்குகிறவர்கள்கூட இதைக் கண்ணால் பார்க்கலாம்: முழுக்கோழியின் கால் மூட்டில் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு திட்டு இருந்தால் அது அந்தப் புண்ணின் தழும்பு. நெஞ்சுக்கறியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடுவதும், சில துண்டுகள் வேகவைத்த பிறகும் கட்டை மாதிரி விறைத்திருப்பதும் இதே வேகத்தோடு சேர்ந்து வந்த தசைக் கோளாறுகள்தான். அப்புறம், இந்தக் குஞ்சுகளின் தாய்க்கோழிகள். அவற்றுக்கு வயிறாரத் தீவனம் போட்டால் உடல் பெருத்து முட்டையிடும் வயதைத் தாண்டுவதே சிரமம் என்பதால், வேண்டுமென்றே அளவைக் குறைத்துப் பசியிலேயே வைத்து வளர்க்கிறார்கள். எனக்கு மனது ஆறாத விஷயம் இதுதான்: பசி தீரச் சாப்பிட்டால் செத்துப்போகிற ஓர் உயிரை உருவாக்கிவிட்டு அதைச் சாதனை என்கிறோம்.

அதே வேகம் ஆலைக்குள் மனிதர்கள் மீது இறங்குகிறது. அமெரிக்காவில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 140 கோழி என்பது விதி, சிறப்பு அனுமதி வாங்கிய ஆலைகளில் 175 வரை ஓட்டியிருக்கிறார்கள். குளிரில், ஈரத் தரையில் நின்றுகொண்டு, ஒரே வெட்டை ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான தடவை வெட்டினால் மணிக்கட்டு நரம்பு என்ன ஆகும்? இரவில் விரல் மரத்துப்போய்த் தூக்கம் கலையும், கொஞ்ச நாளில் டம்ளரைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாது. ஓர் ஆள் நகர்ந்தால் வரிசை தடுமாறும் என்பதற்காகக் கழிப்பறைக்கு விடாததால், தொழிலாளர்கள் டயப்பர் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்ததை ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 2016-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. இந்தப் பத்தியில் வேறு எதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள். 1991-இல் வட கரோலினாவின் ஹாம்லெட் ஊரில் கோழி ஆலை தீப்பிடித்தபோது கதவுகள் பூட்டியிருந்தன, 25 பேர் இறந்தார்கள்.

சாப்பிடுகிற எங்கள் கதைக்கு வருகிறேன். நெருக்கி அடைத்து வளர்த்தால் நோய் வரும், நோய் வராமல் இருக்க, சீக்கிரம் எடை கூட, ஆண்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை 2006-இல் நிறுத்தியது. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்குக் கடைசியாக மருத்துவர்கள் எடுக்கும் கொலிஸ்டினையே கால்நடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்க்கும் மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று 2015-இல் சீனாவில் தெரிந்த பிறகுதான் அங்கே 2017-இல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கவும், இந்தியாவில் 2019-இல் கால்நடைகளுக்குக் கொடுக்கவும் தடை வந்தது. ஐ.சி.யூ. வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கு, அந்த மருந்து எந்தக் கொட்டகையில் வீணானது என்று யார் சொல்லப்போகிறார்கள்?

விலை கூடும் என்பீர்கள். சரி, கூடும். மெதுவாக வளரும் கோழி அதிக நாள் தின்னும், அதிக இடம் கேட்கும். அதற்கேற்பக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட நான் தயார், என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் பச்சைக் கோழிக்கறியில் மெதுவாக வளரும் இனங்களுக்கு மாறிவிட்டன, கடைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. 2020-இல் ஜெர்மனியின் ஒரு பன்றி இறைச்சி ஆலையில் ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குக் கொரோனா வந்த பிறகு, பெரிய ஆலைகளில் வெட்டும் வேலைக்குக் காண்ட்ராக்டர் மூலம் ஆள் வைக்கக் கூடாது என்று 2021 முதல் சட்டம் போட்டார்கள். இதெல்லாம் நடக்கவே நடக்காது என்று சொன்ன துறையும் உங்கள் துறைதான்.

இனத்தை மாற்றச் சில ஆண்டுகள் ஆகும், எனக்குப் புரிகிறது, அதற்கு ஒரு தேதி குறித்துப் பகிரங்கமாகச் சொல்லுங்கள். பாக்கெட்டின் மேல் கோழியின் வயதையும் கொடுத்த மருந்தையும் அச்சிடுவது அடுத்த லேபிள் அடிக்கும்போதே முடியும். வரிசையின் வேகத்தைக் குறைத்து, கேட்கிறவரைக் கழிப்பறைக்கு அனுப்ப எந்த ஆய்வும் கமிட்டியும் வேண்டாம், நாளைக் காலை ஷிஃப்டிலேயே தொடங்கலாம்.