வாப்பாவின் புளியங்கட்டையும் இந்த ஊர்க் கொத்துக்கறியும்

வாட்டர்லூ, அயோவா
ஜூலை 6

அன்புள்ள காதர்,

நீ அனுப்பிய படமும், அமெரிக்காவில் அரைத்த மாட்டுக்கறி என்று விற்பது இந்தப் பசையைத்தானா என்ற கேள்வியும் வந்து சேர்ந்தன. ஷமீமாவுக்கு இங்கே அயோவாவில், ஏமஸ் ஊரில் படிக்க இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருக்க வேண்டிய வீட்டில், இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மதினி இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். போனில் நாலு வார்த்தை சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மதினிக்கும் வாசித்துக் காட்டு.

முதலில் அந்தப் படம். இளஞ்சிவப்பாக, ஐஸ்கிரீம் மாதிரி சுருண்டு சுருண்டு அட்டைப்பெட்டிக்குள் விழுகிற பசை. அது பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிற படம். மாட்டுக்கறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோழியை எலும்போடு வைத்து அழுத்திச் சல்லடை வழியே பிதுக்கி எடுக்கிற கறி என்றுதான் அதைச் சொல்வார்கள். கோழியில் அப்படிச் செய்யலாம், ஆனால் அதை உறையில் எழுத வேண்டும். மாட்டில் அப்படிப் பிதுக்கி எடுத்ததை மனிதர் சாப்பிட விற்கக் கூடாது என்று 2004இலேயே தடை போட்டுவிட்டார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசுவுக்குப் பைத்திய மாட்டு நோய் இருப்பது தெரியவந்திருந்தது.

படம் தப்பு என்பதால் பயத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நான் குடியிருக்கிற இதே ஊரில், 2012இல் அரைத்த மாட்டுக்கறியில் கலக்கிற வேறொரு பொருள் பெரிய பிரச்சினையாக வெடித்தது. நான் டிராக்டர் ஆலையில் சேர்ந்து அப்போது மூன்று வருடம்.

உன் வாப்பா கடையை நினைத்துக்கொள், எளிதாகப் புரியும். மேலப்பாளையத்துக் கடையில் அந்தப் பெரிய புளியங்கட்டை, நடுவில் குழி விழுந்து, ஓரம் மட்டும் மேடாக இருக்குமே. கொத்துக்கறி கேட்டால் வாப்பா இரண்டு கையிலும் கத்தி எடுத்து, டக்டக்கென்று மாற்றி மாற்றிக் கொத்துவார். வாங்க வந்தவர் கண் அந்தக் கட்டையைவிட்டு நகராது. "ஜவ்வை எடுத்துருங்க காக்கா" என்று ஒரு குரல் வரும். எடுத்த ஜவ்வையும் கொழுப்பையும் ஓரத்தில் ஒரு தகர டப்பாவில் போடுவார். சாயங்காலம் அதைக் கேட்டு வாங்கிப் போகவும் ஆட்கள் உண்டு. குறைந்த விலை. ஜவ்வு என்றே கேட்பார்கள், ஜவ்வு என்றே கொடுப்பார்.

இங்கே அந்தத் தகர டப்பாவைத்தான் ஒரு தொழிலாக மாற்றினார்கள். மாட்டை வெட்டித் துண்டு போடும்போது கொழுப்போடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கறி போய்விடும். கத்தியால் அதைப் பிரித்தெடுத்தால் கூலி கட்டாது. அதனால் அந்தக் கழிவுத் துண்டுகளைச் சுமார் 38 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, கொழுப்பு இளகியதும் வேகமாகச் சுழற்றுகிறார்கள். தயிர் கடைந்தால் வெண்ணெய் பிரிவது போலக் கொழுப்பு ஒரு பக்கமும் கறி ஒரு பக்கமும் போய்விடும். மிஞ்சுகிற கறியில் கொழுப்பு மிகக் குறைவு. அதை ஒரு குழாய் வழியே செலுத்தி, அம்மோனியா வாயு ஊதி, உறையவைத்துப் பாளமாக்கி, மற்ற அரைத்த கறியோடு 15 சதவீதம் வரை கலப்பார்கள். பீஃப் ப்ராடக்ட்ஸ் என்ற கம்பெனிதான் இதைப் பெரிய அளவில் செய்தது. அதற்கு நான்கு ஆலைகள். ஒன்று எங்கள் வாட்டர்லூவில்.

அம்மோனியா எதற்கு என்று மதினி கேட்பார்கள். 1993இல் ஜாக் இன் த பாக்ஸ் கடைகளில் சரியாக வேகாத பர்கர் சாப்பிட்டு 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தன. ஈ.கோலை ஓ157 என்ற கிருமி. அது மாட்டின் குடலில் இருப்பது. வெட்டும்போது கறியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். முழுத் துண்டாக இருந்தால் வெளிப்பக்கம் வெந்ததும் செத்துவிடும். அரைத்துவிட்டால் மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. கழிவுத் துண்டுகள் பெரும்பாலும் வெளிப்பக்கத்திலிருந்து வருபவை, அதனால் ஆபத்து கூடுதல். கிருமியைக் கொல்லத்தான் அம்மோனியா. அந்த அளவில் அதைச் சாப்பிட்டால் தீங்கில்லை என்று 2001இல் வேளாண்மைத் துறை அனுமதி கொடுத்தது. அதைச் சேர்மானமாகக் கணக்கில் எடுக்காமல், தயாரிப்புக்கு உதவும் பொருள் என்று வகைப்படுத்தியதால் உறையில் எழுத வேண்டியதில்லை என்றும் ஆகிவிட்டது.

காதர், எனக்கு வருத்தம் அந்தக் கடைசி வரியில்தான்.

அந்தத் துறையிலேயே வேலை பார்த்த கெரால்ட் ஸிர்ன்ஸ்டைன் என்ற நுண்ணுயிரியலாளர் 2002இல் ஒரு மின்னஞ்சலில் இதற்குப் 'பிங்க் ஸ்லைம்' என்று பெயர் வைத்தார். இளஞ்சிவப்புச் சளி என்று வைத்துக்கொள். இதைக் கலந்த கறியை அரைத்த மாட்டுக்கறி என்று சொல்லி விற்பது சரியல்ல என்பது அவர் வாதம். 2009 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அந்த மின்னஞ்சலை வெளியில் கொண்டுவந்தது. பள்ளிக்கூட மதிய உணவுக்காக நடந்த சோதனைகளில் இந்தக் கறியில் ஈ.கோலை 3 தடவையும் சால்மொனெல்லா என்ற இன்னொரு கிருமி 48 தடவையும் பிடிபட்டதையும் எழுதினார்கள். பிள்ளைகள் தட்டுக்குப் போவதற்குள் பிடித்துவிட்டார்கள், அது உண்மை. இதைக் கலப்பதால் பள்ளிகளுக்கு மிச்சம் பவுண்டுக்குச் சுமார் 3 சென்ட்.

2012 மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சி நாள் விடாமல் இதைச் சொன்னதும் ஊரே கொதித்தது. ஹூஸ்டனில் ஒரு தாய், பள்ளிக்கூடச் சாப்பாட்டில் இது வேண்டாம் என்று இணையத்தில் மனு தொடங்க, பத்து நாளுக்குள் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். வேண்டாத பள்ளிகள் விலகிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கிவந்தது. பெரிய கடைகள் ஒவ்வொன்றாக, இனி வாங்க மாட்டோம் என்றன. மூன்று மாநில ஆளுநர்கள், எங்கள் அயோவாக்காரரும் அதில் உண்டு, நெப்ராஸ்கா ஆலைக்கே போய் கேமரா முன்னால் பர்கர் சாப்பிட்டுக் காட்டினார்கள். 'மாட்டுக்கறிதாம்ப்பா இது' என்று அர்த்தம் வருகிற பனியன்கூட அச்சடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மே மாதம் நான்கில் மூன்று ஆலைகளை மூடிவிட்டார்கள். எங்களுடையதும் போனது. மொத்தம் சுமார் 650 பேர் வேலை இழந்தார்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரர் அதில் ஒருவர். இரவு ஷிஃப்டில் இயந்திரங்களைக் கழுவுகிற வேலை. காலையில் நான் காரை எடுக்கும்போது அவர் வந்து இறங்குவார். பூட்ஸை வாசலிலேயே கழற்றிக் குழாயடியில் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார். ஆலை நின்ற பிறகும் ஒரு வாரம்போல அதே நேரத்துக்கு எழுந்து, அதே வாசல்படியில் சும்மா உட்கார்ந்திருப்பார். "நான் சுத்தமாகத்தான் கழுவினேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். அவரை யாரும் குற்றம் சொல்லவில்லை, ஆனாலும் அவருக்கு அப்படிப் பட்டிருக்கிறது. எனக்கு இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அந்தக் கம்பெனி ஏபிசி மேல் வழக்குப் போட்டது. 2017இல் சமரசம் ஆனது. ஏபிசியின் தாய் நிறுவனமான டிஸ்னியின் கணக்கில் அந்த வழக்குக்காக 17 கோடியே 70 லட்சம் டாலர் எழுதப்பட்டிருந்தது. 2018 டிசம்பரில் வேளாண்மைத் துறை அந்தப் பொருளையே 'கிரவுண்ட் பீஃப்', அதாவது அரைத்த மாட்டுக்கறி, என்று பெயரிடலாம் என்று தீர்மானித்துவிட்டது. ஆக, இப்போது உறையைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அது விஷம் என்று நான் சொல்லவில்லை. மாட்டுக்கறிதான், நன்றாக வேகவைத்தால் பயமில்லை. வாப்பா ஜவ்வை ஜவ்வு என்று சொல்லி விற்றார். அதே மாதிரி இவர்களும் பெயரைச் சொல்லியிருந்தால், மலிவு என்று வாங்குகிறவர் வாங்கியிருப்பார், வேண்டாதவர் விட்டிருப்பார், என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் வேலை இருந்திருக்கும். கார்கில் என்ற இன்னொரு பெரிய கம்பெனி 2014இல் தன் உறைகளில் எழுதிப் போடத் தொடங்கியதே, அதை முதலிலேயே எல்லாரும் செய்திருக்கலாம்.

சரி, இப்போது ஷமீமாவுக்குப் பயன்படுகிற விஷயம். நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டது.

சின்னவனின் பத்தாவது பிறந்தநாளுக்கு, பின்கட்டில் அடுப்பு மூட்டி பர்கர் சுடலாம் என்று உறைந்த வட்டுகள் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். கம்பியில் வைத்ததும் தண்ணீர் விட்டுச் சுருங்கியது. கடித்தால் பஞ்சு மாதிரி இருந்தது, கறியின் நாரே பல்லில் படவில்லை. வந்திருந்த பையன் ஒருவனுக்குச் சோயா ஆகாது. அவன் தட்டை நீட்டுவதற்கு முன்னால் அவன் அம்மா குப்பைக்கூடையிலிருந்து பெட்டியை எடுத்துத் திருப்பிப் படித்தார். மாட்டுக்கறி, தண்ணீர், சோயாப் புரதம், ரொட்டித்தூள் என்று வரிசையாக இருந்தது. "மேலே பாருங்கள், பீஃப் பாட்டீஸ் என்றுதானே போட்டிருக்கிறான்" என்று எனக்குக் காட்டினார். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அன்றைக்குத்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 'கிரவுண்ட் பீஃப்' என்றோ 'ஹாம்பர்கர்' என்றோ போட்டால், தண்ணீர், சோயா, மாவு எதுவும் சேர்க்கக் கூடாது. கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஹாம்பர்கரில் கொழுப்பைத் தனியாகச் சேர்க்கலாம், கிரவுண்ட் பீஃபில் கூடாது. 'பீஃப் பாட்டீஸ்' என்று போட்டுவிட்டால் தண்ணீரும் மாவும் சோயாவும் சேர்த்துக்கொள்ளலாம், பின்பக்கம் எழுதினால் போதும். டாக்கோ என்கிற மடித்த ரொட்டிக்குள் வைக்கிற பூரணம் என்றால் கறி 40 சதவீதம் இருந்தாலே சட்டப்படி சரி. முன்பக்கப் பெயரையும் பின்பக்கப் பட்டியலையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் ஷமீமாவுக்கு முதல் நாளிலிருந்தே வர வேண்டும்.

நிறத்தையும் நம்ப வேண்டாம் என்று சொல். சில பொட்டலங்களுக்குள் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு அடைத்திருப்பார்கள். நாள் பல ஆனாலும் கறி பளிச்சென்று சிவப்பாகவே நிற்கும். தேதியைப் பார்க்க வேண்டும், திறந்ததும் மோந்து பார்க்க வேண்டும். வேகவைக்கும்போது நடுவில் 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். அதற்கென்று குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் சல்லிசாகவே கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

நீ கேட்க வந்து கேட்காமல் விட்டது ஹலால் பற்றி என்று எனக்குத் தெரியும். 2013 ஜனவரியில் அயர்லாந்தில் 27 மாட்டுக்கறி பர்கர்களைச் சோதித்தார்கள். 10இல் குதிரை, 23இல் பன்றி இருந்ததற்கான தடயம். டெஸ்கோ என்ற பெரிய கடையின் ஒரு பர்கரில் கறியில் 29 சதவீதம் குதிரை. அரைத்துவிட்டால் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அதனால் பெரிய கடைப் பொட்டலமே வேண்டாம். எங்கள் ஊரில் போஸ்னியாக்காரர்கள் நிறைய. தொண்ணூறுகளில் அங்கே போர் நடந்தபோது அகதியாக வந்து, இங்கே கறி ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஹலால் கறிக்கடை வைத்திருக்கிறார். தோள்பட்டைத் துண்டைக் காட்டி "இது போதுமா?" என்று கேட்பார், தலையை ஆட்டினால் நம் கண் முன்னாலேயே அரைத்துத் தருவார். இயந்திரத்தில் முந்தைய ஆளின் கறி தங்கியிருந்தால் முதலில் வருகிற பிடியைத் தனியே எடுத்துப் போட்டுவிடுவார். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வாப்பா ஞாபகம்தான்.

ஏமஸ் இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். மாதம் ஒருமுறை நானோ ஸ்டெல்லாவோ போகிறபோது அரைத்ததைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து அவள் ஃப்ரீசருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம். மதினி பக்குவத்தில் கோலா உருண்டைக்கு என்னென்ன அரைக்க வேண்டும் என்று மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடச் சொல். கசகசா அனுப்ப வேண்டாம், வழியில் எங்காவது பிடித்து வைத்துவிடுவார்கள், இங்கேயே கிடைக்கும்.

அப்புறம், கடையை மூடிய பிறகு அந்தப் புளியங்கட்டை என்ன ஆயிற்று? வீட்டில் கிடந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பு. நடுவில் விழுந்த குழி தெரிகிற மாதிரி எடு.

உம்மாவுக்கு என் சலாம் சொல்.

அன்புடன்,
செல்வின்